சுங்கை சிப்புட்டில் கோலி சோடா, பன்னீர் சோடா: கேஸ் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

கோலிக்குண்டு:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சிறிய அளவில் சோடா போடும் பட்டறைக்காகக் கேட்கிறேன். வெறும் சோடா, பன்னீர் சோடா, இஞ்சி, நன்னாரி என நான்கு வகை. 250 மி.லி. கண்ணாடிப் போத்தலில் தகரமூடி, கூடவே 200 மி.லி. கோலிப் போத்தல். கோயில் திருவிழா, கல்யாணம், ஒட்டுக்கடை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை), இவைதாம் வியாபாரம்.

சிக்கல்கள்: ஊற்றும்போதே நுரை பொங்கி வழிகிறது. மூடி அடித்து மறுநாள் திறந்தால் கேஸ் பாதிதான் இருக்கிறது. அழுத்தத்தை 80 பி.எஸ்.ஐ. வரை ஏற்றியும் பயனில்லை. சிரப் ஒரு பங்கு, சோடாத் தண்ணீர் ஐந்து பங்கு என்ற கணக்கில் போகிறது. பன்னீர் சோடாவின் கழுத்தோரம் எண்ணெய் வளையம் கட்டுகிறது. சீனி வரி விழாமல் இருக்கச் சீனியை 100 மி.லி.க்கு 5 கிராமுக்குள் இறக்கினால் குடிக்கச் சப்பென்று இருக்கிறது. முதலில் எதில் கை வைப்பது?

லிந்தாங்வாசி:
முதலில் தண்ணீரின் சூடு. அழுத்தத்தை ஏற்றுவதால் தீராது தம்பி.

சோடாவில் கேஸை அளப்பது 'வால்யூம்' கணக்கில். ஒரு வால்யூம் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் கரியமிலவாயு. நல்ல வெறும் சோடாவுக்கு 4 வேண்டும். சிரப் கலந்த பானத்துக்கு 3 முதல் 3.5 போதும். தண்ணீர் 4 டிகிரியில் இருந்தால் 4 வால்யூம் ஏற 25 பி.எஸ்.ஐ. அழுத்தமே போதும். அதே தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் 62 வேண்டும். 30 டிகிரியில் 74. உங்கள் 80 பி.எஸ்.ஐ.யில் கேஸ் ஏறத்தான் செய்கிறது. ஆனால் குழாயைத் திறந்து போத்தலுக்குள் விடும் நொடியில் அழுத்தம் விழுகிறது, சூடான தண்ணீரால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, நுரையாக வெளியே தள்ளிவிடுகிறது. மதியம் பட்டறைக்குள் 33 டிகிரி இருக்கும் ஊரில் இப்படித்தான் நடக்கும்.

தண்ணீர், சிரப், போத்தல் மூன்றும் குளிர்ந்திருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குளிரவைத்துவிட்டு, கழுவி வெயிலில் காயவைத்த போத்தலை அப்படியே எடுத்து ஊற்றினால் கண்ணாடியின் சூடே நுரையைக் கிளப்பும்.

இரண்டாவது, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று. கலக்கும் தோங்கில் (உருளைக் கலனில்) தண்ணீரை நிரப்பி நேராகக் கேஸ் விட்டால் மேலே தங்கியிருக்கும் காற்றும் உள்ளேயே அடைபடும். கேஸ் விட்டு, மேல்வால்வைத் திறந்து வெளியேற்றி, மறுபடி விடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்த பிறகே குலுக்க வேண்டும். கரைந்த காற்று உள்ள சோடா, மூடி திறந்ததும் பெரிய பெரிய குமிழியாகச் சீறிவிட்டு ஐந்து நிமிடத்தில் செத்துவிடும். நல்ல சோடாவின் குமிழி சின்னதாக, அடியிலிருந்து நெடுநேரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

கேஸ்தோங்:
மேலே சொன்னது சரி. மறுநாள் பாதியாகக் குறைவது மட்டும் வேறு கோளாறு. அது மூடி.

26 மில்லிமீட்டர் தகரமூடியை அடித்த பிறகு அதன் வெளிவிட்டம் 28.6 முதல் 28.8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 28.9 வந்தால் கசியும். ரொம்ப இறுக்கினால் கண்ணாடி வாயில் விரிசல் விழும் அல்லது உள்ரப்பர் வெட்டுப்படும். கையால் அடிக்கும் மெஷினில் அடிக்கடி விலகுவது இதுதான். வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் முதல் ஐந்து மூடியை அளந்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மூடிய போத்தலைத் தண்ணீர் வாளிக்குள் படுக்கப் போட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். மூடியோரம் குமிழி ஒட்டியிருந்தால் அது கசியும் போத்தல்.

கேஸ் தோங்கு பற்றியும் ஒன்று. தோங்கில் இருக்கும் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது திரவம். 20 டிகிரியில் 57 பார் அழுத்தம் காட்டும், கடைசித் திரவச் சொட்டு ஆவியாகும் வரை அதே 57ஐத்தான் காட்டும். பிறகு சட்டென்று விழும். எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரே வழி தராசு. தோங்கின் கழுத்தில் வெறும் எடை குத்தியிருக்கும், அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். 31 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே திரவம் என்ற நிலையே கிடையாது, அழுத்தம் வேகமாக ஏறும். ஆகவே நிழலில் வையுங்கள். நிமிர்த்தியே வைத்துச் சங்கிலி போடுங்கள். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். வாங்கும்போது உணவுத் தரம் என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங் கடைத் தோங்கு வேண்டாம்.

கதவைச் சாத்திய அறையில் வேலை வேண்டவே வேண்டாம். கரியமிலவாயு காற்றை விடக் கனம், தரையோரம் தேங்கும். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட அளவே 0.5 சதவீதம். 4 சதவீதம் உயிருக்கு ஆபத்து. பள்ளமான இடத்தில் தோங்கு வைத்திருந்தால் முதலில் அதை இடம் மாற்றுங்கள்.

சீனிப்பாகு:
சிரப்புக்கு வருகிறேன். ஒன்றுக்கு ஐந்து என்பது சீனி அதிகமாக இருந்த காலத்துக் கணக்கு. 50 பிரிக்ஸ் (எடையில் 50 சதவீதம் சீனி) சிரப்பை அந்த அளவில் போட்டால் 100 மி.லி.க்கு 10 கிராம் சீனி வரும். இப்போது 5க்குள் இறக்க வேண்டும் என்றால் அதே ஒன்றுக்கு ஐந்தில் சிரப்பைத் தண்ணியாக்க வேண்டியிருக்கும், ஏறக்குறைய 27 பிரிக்ஸ். அந்தத் தண்ணிச் சிரப் இந்த வெக்கையில் ஒரு ராத்திரி தாங்காது, புளித்துவிடும். கெட்டிச் சிரப்பில் சீனியே காவல். 65 பிரிக்ஸுக்குக் கீழே போகப் போக அந்தக் காவல் போய்விடும்.

ஆகவே சிரப்பை 65 பிரிக்ஸிலேயே காய்ச்சிவிட்டு, போத்தலுக்கு விடும் அளவைக் குறையுங்கள். 65 கிலோ வெள்ளைச் சீனி, 35 கிலோ தண்ணீர். இதில் 76 லிட்டர் சிரப் கிடைக்கும், லிட்டருக்கு 856 கிராம் சீனி. 85 டிகிரிக்குச் சூடாக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள், மேலே வரும் அழுக்கு நுரையை எடுத்துவிட்டுத் தடித்த வடிதுணியில் வடியுங்கள். கிலோ சீனிக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் சூட்டிலேயே போட்டால் குளிர்ந்த பிறகு கல் கட்டாது. மங்கலான மலிவுச் சீனி வேண்டாம். சிரப்பில் தெளிவாகத் தெரிந்தாலும், புளிப்புச் சேர்ந்த சில நாளில் போத்தலுக்குள் பஞ்சு போலத் திரிந்து மிதக்கும்.

250 மி.லி. போத்தலுக்கு 14 மி.லி. விட்டால் 12 கிராம் சீனி, அதாவது 100க்கு 4.8.

இன்னொரு லாபமும் உண்டு. ஒன்றுக்கு ஐந்தில் 4.2 வால்யூம் சோடா சிரப்போடு சேர்ந்ததும் 3.5 ஆக இறங்கும். 14 மி.லி. சிரப்பில் 4க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். சீனி குறைந்த வெறுமையை இந்தக் கேஸின் சுறுக்கு ஓரளவு மூடும்.

லிந்தாங்வாசி:
4.8 ஆபத்தான இடம் அக்கா. கை அளவில் 15 மி.லி. விழுந்தால் 5.1 ஆகிவிடும், வரிக் கோட்டைத் தாண்டிவிட்டது. 13.5 மி.லி.க்குக் குறி வையுங்கள், 4.6 வரும். கரண்டி அளவை விட்டு, திருகு வைத்த டிஸ்பென்சர் பம்ப் போடுங்கள். சீனி அளக்கும் ரிப்ராக்டோமீட்டரில் பார்க்கும்போது சோடாவை இரண்டு கிளாசுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் கேஸை நன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் குமிழி தப்புக் காட்டும்.

சீனிப்பாகு:
ஏற்றுக்கொள்கிறேன், 13.5 தான் சரி.

சப்பென்று இருப்பதற்குக் காரணம் சீனியைக் குறைத்துவிட்டுப் புளிப்பைக் குறைக்காதது. 10 சதவீதச் சீனிக்கு லிட்டருக்கு 1.5 கிராம் சிட்ரிக் அமிலம் பொருந்தும். 4.6க்கு 0.8 போதும். லிட்டருக்கு 0.2 கிராம் உப்பு. உப்பு நாக்கில் தெரியாது, இனிப்பைத் தூக்கிக் காட்டும். சார்சி சோடாவில் உப்புப் போட்டுக் குடிக்கிற ஊர் இது, கை கூசாமல் போடலாம். செயற்கை இனிப்பு போட்டால் லேபிளில் எழுத வேண்டும், பன்னீர் வாசனைக்கு அடியில் கசப்பாக ஒரு வால் நிற்கும். எனக்கு அது பிடிக்காது.

செம்பனைக்காடு:
ஒன்று கேட்கிறேன். வரி கட்டிவிட்டு 9 சதவீதத்திலேயே போட்டால் என்ன? 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கியது, 2024ல் 50 காசு. அந்தக் கணக்கில் 250 மி.லி. போத்தலுக்கு 12 காசு சொச்சம். பழைய ருசியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லையே.

லிந்தாங்வாசி:
2025ல் மறுபடி ஏற்றிவிட்டார்கள், இனி இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை விடப் பெரிய காரணம், இந்தச் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. திருவிழாவில் தாத்தா பாட்டியிலிருந்து பேரன் வரை வாங்கிக் குடிக்கிற பானம் இது. 4.6ல் ருசியாகப் போட முடியும் என்றால் 9ல் போட வேண்டிய அவசியம் என்ன? இதில் நான் பிடிவாதக்காரன்.

கருப்பட்டி, பனஞ்சீனி போட்டால் கணக்கில் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் சீனிதான்.

தண்ணிப்பானை:
யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. 100 போத்தலில் 90 போத்தல் அளவு தண்ணீர்தானே விற்கிறோம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின். பன்னீர் மாதிரி மென்மையான வாசனையை அது கொன்றுவிடும். 5 மைக்ரான் வடிகட்டி, அடுத்து கார்பன் வடிகட்டி. கார்பனைத் தாண்டிய தண்ணீருக்குக் குளோரின் காவல் இல்லை, ஆகவே அதற்குப் பின்னால் அல்ட்ராவயலட் விளக்கு கட்டாயம். இந்த வரிசையை மாற்றிப் போடாதீர்கள்.

குழாய்க்கிணறு, ஊற்றுத் தண்ணீர் எடுப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சுங்கை சிப்புட்டிலும் சுண்ணாம்பு மலை அதிகம், மலையடித் தண்ணீரில் பைகார்பனேட் காரத்தன்மை ஏறியிருக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் காரத்தன்மை, ஏறக்குறைய 0.13 கிராம் சிட்ரிக் அமிலத்தைத் தின்றுவிடும். 150 இருந்தால், மேலே அக்கா சொன்ன 0.8 கிராமில் கால்வாசி போச்சு. மழைக்காலத்தில் ஒரு ருசி, வெயிலில் ஒரு ருசி என்று வாடிக்கையாளர் சொன்னால் எசென்ஸ்காரரைத் திட்டாமல் தண்ணீரைச் சோதியுங்கள். சோடாவுக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் சோதனைச் சொட்டு மருந்தே போதும்.

கொதிக்கவைத்தால் இந்தக் காரத்தன்மையில் பெரும்பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும், குளோரினும் கரைந்த காற்றும் வெளியேறும். மூடியபடியே ஆறவிட வேண்டும், திறந்து வைத்து ஆற்றினால் காற்று திரும்பக் கரையும்.

கோலிக்குண்டு:
இந்த ஒரு பதிவே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது ஐயா. இஞ்சியும் நன்னாரியும் எப்படி? இஞ்சி சோடா மட்டும் மற்றதை விட மோசமாகப் பொங்குகிறது.

பெந்தோங்இஞ்சி:
பொங்குவது மாவினால். இஞ்சிச் சாற்றில் மாவும் நாரும் இருக்கும், ஒவ்வொரு துகளும் குமிழி பிறக்கும் இடம்.

100 போத்தலுக்கு, அதாவது 25 லிட்டருக்கு: பெந்தோங் இஞ்சி அரைக் கிலோ, தோல் சீவி ஒரு லிட்டர் தண்ணீரோடு அரைத்துப் பிழியுங்கள். ஐஸ்பெட்டியில் நான்கு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு இறுகும். மேலே இருப்பதை மட்டும் சாய்த்து எடுங்கள். மாவோடு சூடாக்கினால் கஞ்சியாகிவிடும், பிறகு எந்தத் துணியிலும் வடியாது. தெளிந்த சாற்றை 1.35 லிட்டர் சிரப்போடு சேர்த்து 85 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, மறுபடி வடித்து ஆறவிடுங்கள். காரம் போதாது என்றால் இஞ்சியைக் கூட்டுவதற்குப் பதில், பாதியைக் காய்ந்த சுக்காக மாற்றுங்கள். சுக்கின் காரம் இன்னும் உறைப்பு, அளவைக் குறைத்துத் தொடங்குங்கள்.

ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் இஞ்சிப் பானம் இந்த வியாபாரத்துக்கு ஒத்துவராது. கேஸ் எவ்வளவு ஏறும் என்று கட்டுப்படுத்த முடியாது, போத்தல் வெடிக்கும். ஆல்கஹாலும் உண்டாகும், ஹலால் சான்றிதழ் கேட்கும்போது சிக்கல்.

நன்னாரிவேர்:
நன்னாரியைக் கொதிக்கவைப்பவர்கள்தாம் வாசனை இல்லை என்று சொல்வார்கள். வாசனை ஆவியாகிப் போகும் சரக்கு, அதுவும் வேர்ப்பட்டையில்தான் இருக்கிறது. 25 லிட்டருக்கு 250 கிராம் வேர். கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை எறிந்துவிட்டுப் பட்டையை மட்டும் எடுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீர் ஒன்றரை லிட்டரில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் வடித்து ஆறிய சிரப்போடு கலக்க வேண்டியதுதான்.

சார்சி ருசியை எதிர்பார்த்து வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சார்சியில் தூக்கலாக வருவது விண்டர்கிரீன் வாசனை, தைலம் மாதிரி. நன்னாரி வெனிலாவுக்கு நெருக்கம். இரண்டும் வேறு செடி.

நிறத்துக்குக் கேரமல் போட்டால் 150டி என்ற வகை மட்டும். நன்னாரியில் துவர்ப்புச் சத்து உண்டு. 150சி வகை அதோடு சேர்ந்தால் திரிந்து அடியில் சேறு மாதிரி தங்கும். நிறமே போடாமல் விட்டால் இன்னும் நல்லது, வேரின் செம்மை போதும்.

சீனிப்பாகு:
பன்னீர் சோடா வளையம்: உங்கள் எசென்ஸ் எண்ணெயில் கரைந்தது. தண்ணீரில் கரையும் வகை கேளுங்கள், ஹலால் சான்றிதழோடு. லிட்டருக்கு 0.5 மி.லி.யில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். சிரப் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே விடுங்கள்.

கெடாமல் இருக்கச் சோடியம் பென்சோயேட் சேர்ப்பவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பென்சோயேட்டைத் தனியே வெந்நீரில் கரைத்துச் சிரப்பில் கலக்க வேண்டும். அது முழுக்கக் கலந்த பிறகே சிட்ரிக் அமிலம். நிறமும் எசென்ஸும் கடைசி. புளிப்புச் சிரப்பில் பென்சோயேட்டைக் கொட்டினால் வெள்ளை ஊசி ஊசியாகப் படிந்துவிடும், பலனும் இல்லை. அளவுக்கு 1985 உணவு விதிமுறைகளின் அட்டவணையைப் பாருங்கள். வைட்டமின் சியையும் பென்சோயேட்டையும் ஒரே போத்தலில் சேர்க்காதீர்கள், வெயிலில் பென்சீன் உண்டாகும்.

செம்பனைக்காடு:
கோலிப் போத்தலை விட்டுவிடலாமே? கழுவுவது பெரிய பாடு, வெடிக்கும் பயம் வேறு.

கேஸ்தோங்:
விடக்கூடாது. பெரிய கம்பெனிகளோடு சார்சி, ஆரஞ்சு, ஐஸ்கிரீம் சோடாவில் மோதி ஜெயிக்க முடியாது. 1883ல் சிங்கப்பூரில் பிரேசரும் நீவும் தொடங்கிய சோடாக் கம்பெனி இன்றைக்கு எஃப் அண்ட் என் ஆக எல்லாக் கடையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1916ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் சோடாக் கம்பெனி நின்று பிடித்திருப்பது, தன் ஊர் நாக்குக்கு ஏற்ற பொவொண்டோ பானத்தை விடாமல் போட்டதால். தோட்டத்து ஊரில் நம் கையில் இருப்பது பன்னீரும் நன்னாரியும் கோலியும்தான்.

கோலிப் போத்தலுக்கு ஹிராம் காட் 1872ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இன்றும் அப்படியே. போத்தலைத் தலைகீழாக வைத்துக் கேஸோடு நிரப்ப வேண்டும். கோலி வாய்ப்பக்கம் விழுந்து ரப்பர் வளையத்தில் உட்காரும், உள்ளழுத்தம் அதை இறுக்கும். கசிந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு ரப்பர்தான். நகத்தால் அழுத்தினால் குழி விழாத அளவு கெட்டியாகிவிட்ட ரப்பரை மாற்றிவிடுங்கள்.

கழுவ: கோலி இருப்பதால் பிரஷ் போகாது. 2 முதல் 3 சதவீதக் காஸ்டிக் சோடா, 60 டிகிரி, ஊறவைத்தல். ஒரே தடவையாகக் குளிரிலிருந்து சுடுநீருக்குப் போடாதீர்கள், 40 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கண்ணாடியில் விரிசல் விழும். அலசி முடித்த கடைசித் தண்ணீரில் இரண்டு சொட்டு பினாப்தலீன் விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் காரம் மிச்சம் இருக்கிறது, மறுபடி அலசுங்கள்.

கீறல், வாய்ச்சில்லு, உள்ளே காற்றுக்குமிழி உள்ள போத்தல் எதுவானாலும் ஒதுக்குங்கள். நிரப்பும் இடத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு, முகத்துக்குக் கவசம், தடித்த கையுறை. இதில் எதுவும் இல்லாமல் ஒரு போத்தல் கூட நிரப்ப வேண்டாம். 4 வால்யூம் சோடா 50 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே 8 பார் வரை போகும். திறந்த லோரியில் மதிய வெயிலில் தோட்டத்துக்கு அனுப்புபவர்கள் நனைத்த சாக்குப் போட்டு மூடுங்கள்.

கோலிக்குண்டு:
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் போத்தல் இல்லாமல் தோங்கிலிருந்தே ஊற்ற முடியுமா? லேபிள், லைசன்ஸ் விஷயமும் சொல்லுங்கள்.

லிந்தாங்வாசி:
முடியும். 19 லிட்டர் ஸ்டீல் தோங்கு. 17 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 25 முதல் 30 பி.எஸ்.ஐ., காற்றை வெளியேற்றிக் குலுக்குங்கள், ராத்திரி முழுக்கக் கேஸ் இணைப்போடு ஐஸில் இருக்கட்டும். ஊற்றும் குழாய் உள்விட்டம் 4.8 மி.மீ., குறைந்தது நான்கு ஐந்து மீட்டர் நீளம் சுருட்டி ஐஸுக்குள் புதைக்க வேண்டும். குட்டைக் குழாய் போட்டால் வெறும் நுரைதான் வரும். சிரப்பைத் தோங்கில் கலக்காதீர்கள். கப்பில் முதலில் சிரப், பிறகு சோடா, கப்பைச் சாய்த்து ஊற்றவும். இப்படிச் செய்தால் நான்கு வகைக்கும் ஒரே தோங்கு போதும்.

சீனிப்பாகு:
பட்டறைக்கு ஊராட்சி மன்ற லைசன்ஸ், வேலை செய்பவர்களுக்கு உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும். சுகாதார அமைச்சின் மெஸ்தி (உணவுப் பாதுகாப்பு) சான்றிதழ் எடுத்துவிட்டு ஹலாலுக்குப் போனால் ஆவண வேலை குறையும், இரண்டுக்கும் பொதுவான பதிவேடுகள் நிறைய. லேபிளில் மலாய் கட்டாயம், தமிழ் கூடுதலாக வைக்கலாம். பானத்தின் பெயர், சேர்மானங்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவு வரிசையில், நிகர அளவு, தயாரிப்பவர் முகவரி, காலாவதித் தேதி, சத்துப் பட்டியல். கண்ணாடிப் போத்தலை ஐஸ் தண்ணீரில் போட்டு விற்கப் போகிறீர்கள், காகித லேபிள் உரிந்து வந்துவிடும். நனையாத ஒட்டுத்தாளில் அச்சடியுங்கள்.